கடலடியில் திரளும் நிலநடுக்கங்கள்

முதன்மை அதிர்ச்சி என்று எதையும் தனியே சுட்டிக்காட்ட முடியாதபடி ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து எழும் நிலநடுக்கங்களின் தொகுதியே நிலநடுக்கத் திரள். வழக்கமான நிலநடுக்கத் தொடர் அப்படி அமைவதில்லை. முதலில் பெரிய அதிர்ச்சி ஒன்று வரும். அதன் பின்னால் சிறிய அதிர்வுகள் தொடரும். பின்னதிர்வுகள் முதல் நாளில் மிகுதியாக இருந்து, நாளாக நாளாகக் குறைந்து அடங்கும். அந்தத் தேய்வில் ஓர் ஒழுங்கு இருப்பதை ஜப்பானிய அறிஞர் ஃபுசாகிச்சி ஓமோரி 1894இல் எடுத்துக்காட்டினார். பின்னதிர்வுகளுள் மிகப் பெரியதுகூட முதன்மை அதிர்ச்சியைவிடச் சராசரியாக 1.2 அளவு சிறியதாக இருக்கும் என்பதும் பின்னாளில் தெரியவந்தது. ஓர் அளவு குறைந்தால் வெளிப்படும் ஆற்றல் 32இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே அத்தகைய தொடரில் எது முதன்மை என்பதில் ஐயமே எழாது.

திரளில் நிலைமை வேறு. பெரிய அதிர்வுகள் பலவும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அவற்றுள் மிகப் பெரியது தொடக்கத்திலும் வரலாம், நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். எண்ணிக்கை ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். சில திரள்கள் ஒரே நாளில் முடிந்துபோகும். சில மாதக்கணக்கில் நீளும். பாறைத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் அழுத்தி உடைத்துப் பார்த்த கியோ மோகி, 1960களின் தொடக்கத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம் தந்தார். சீரான பாறையில் அழுத்தம் சேர்ந்து சேர்ந்து ஒரே முறிவாக வெளிப்படும். ஏற்கெனவே நொறுங்கி, விரிசல் விட்டு, இடத்துக்கு இடம் வலிமை மாறுபடும் பாறையில் அழுத்தம் பெரிதாகச் சேரவே வழியில்லை. அது சிறு சிறு முறிவுகளாகவே கழிந்துவிடும். எரிமலைப் பகுதிகளில் திரள்கள் மலிந்திருப்பதற்கு இது பொருந்தி வந்தது.

மற்றொரு வேறுபாடு இன்னும் அடிப்படையானது. பின்னதிர்வுகளைத் தூண்டுவது முதன்மை அதிர்ச்சியே. திரளைத் தூண்டுவதோ பெரும்பாலும் நிலநடுக்கமே அல்லாத ஒன்று: பாறையின் இடுக்குகளில் ஏறும் பாறைக்குழம்பு, அழுத்தத்தில் இருக்கும் சுடுநீர், அல்லது அதிர்வே இல்லாமல் மெல்ல நழுவிக்கொண்டிருக்கும் ஒரு பிளவு. அந்த மறைவான நகர்வு நீடிக்கும்வரை அதிர்வுகளும் நீடிக்கின்றன. எனவே திரளை ஆராயும்போது ஒவ்வோர் அதிர்வின் அளவையும்விட, அவை எந்த வரிசையில், எந்தத் திசையில் இடம்பெயர்கின்றன என்பதே அதிகம் சொல்லும்.

திரள்கள் மலிந்த எல்லை

உலகப் பெருங்கடல்களின் அடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அட்லாண்டிக்கின் நடுவே வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடலில் நுழைந்து, அங்கே கிளை பிரிந்து பசிபிக்கையும் எட்டுகிறது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் லாமாண்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப் அட்லாண்டிக்கின் ஆழ அளவீடுகளை வரைபடமாக்கியபோது, மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. அதே அறையில் இன்னொரு மேசையில் கடலடி நிலநடுக்கங்களின் இடங்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நிலநடுக்கப் புள்ளிகள் பள்ளத்தாக்குக்குள்ளேயே விழுந்தன. பூமியின் தட்டுகள் விலகிச் செல்லும் எல்லையை முதலில் காட்டிக்கொடுத்தவற்றுள் இந்த ஒற்றுமையும் ஒன்று.

முகடு எனப்படும் இந்த மலைத்தொடரில் தட்டுகள் விலகும் வேகம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆர்க்டிக்கின் காக்கல் முகட்டில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். நடு அட்லாண்டிக்கில் இரண்டரை சென்டிமீட்டர். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் உள்ள ஹ்வான் டி ஃபூகா முகட்டில் ஐந்து முதல் ஆறு. கிழக்குப் பசிபிக் முகட்டின் வேகமான பகுதிகளில் 15 சென்டிமீட்டர் வரை. இந்த எல்லைகளில் பூமியின் மேலோடு மெல்லியது. கடல் மேலோட்டின் மொத்தக் கனமே ஆறேழு கிலோமீட்டர்தான். முகட்டின் அச்சில் அதற்கு அடியில் சூடான பாறைக்குழம்பு இருப்பதால், உடையக்கூடிய குளிர்ந்த பாறை இன்னும் மெல்லிய அடுக்காகவே இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்துக்கு அகலமும் நீளமுமான பிளவுப் பரப்பு வேண்டும். அந்தப் பரப்பு இங்கே இல்லை. விலகும் முகடுகளில் 6 அளவைத் தாண்டும் நிலநடுக்கம் அரிதாக இருப்பதும், சிறு அதிர்வுகள் கூட்டங்கூட்டமாக வருவதும் இதனால்தான்.

பாறைக்குழம்பின் பாதை

தட்டுகள் விலகுவது ஆண்டுதோறும் ஒரே சீராக நடக்கிறது. ஆனால் முகட்டின் அச்சில் புதுத் தரை உருவாவது அப்படி அல்ல. அது தவணை தவணையாக நடக்கிறது. பல ஆண்டுகள் இழுவிசை சேர்கிறது. அடியிலுள்ள அறையில் பாறைக்குழம்பின் அழுத்தமும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அறையின் சுவர் பிளக்கிறது. குழம்பு செங்குத்தான, தகடு போன்ற ஒரு வெடிப்புக்குள் பாய்ந்து முகட்டின் நீளவாக்கில் ஓடுகிறது. அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர்; நீளமோ பத்துக்கணக்கான கிலோமீட்டர். உள்ளே உறைந்துபோகும் அந்தத் தகட்டை நிலவியலாளர்கள் டைக் என்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் விலகும் முகட்டில் ஒரு மீட்டர் அகல டைக் என்றால், இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான விலகல் சில நாட்களில் தீர்க்கப்பட்டுவிடுகிறது என்று பொருள்.

விறகில் ஆப்பு இறங்கும்போது வெடிப்பு அதன் நுனிக்கு முன்னால் ஓடுவதுபோல, டைக்கின் முனைக்கு முன்னாலும் பாறை உடைகிறது. ஒவ்வோர் உடைவும் ஒரு சிறு நிலநடுக்கம். டைக் நகர நகர நிலநடுக்கங்களும் அதனுடன் நகர்கின்றன. டைக்கின் இருபுறமும் மேலேயுள்ள தரை இழுபட்டுச் சரியும்போது இன்னும் சற்றுப் பெரிய அதிர்வுகள் எழுகின்றன. குழம்பு ஓட்டம் நிற்கும்போது திரளும் தேய்கிறது. குழம்பு தரையை உடைத்து வெளியேறினால் அது லாவா. பெரும்பாலான டைக்குகள் அதுவரை வராமலே அடியில் உறைந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் மனிதர் நின்று பார்க்கக்கூடிய ஓர் இடம் உண்டு. நடு அட்லாண்டிக் முகடு ஐஸ்லாந்தில் கடலுக்கு மேலே எழுந்து தரையிலேயே ஓடுகிறது. அங்கே கிராப்லா எரிமலையில் 1975 டிசம்பர் முதல் 1984 வரை சுமார் இருபது முறை பாறைக்குழம்பு பக்கவாட்டில் பாய்ந்தது; ஒவ்வொரு முறையும் நிலநடுக்கத் திரள் எழுந்தது. எரிமலை வெடித்ததோ ஒன்பது முறைதான். சில இடங்களில் தரை எட்டு மீட்டர் வரை விலகியது. ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் விலகும் எல்லையில் அது பல நூற்றாண்டுகளின் நிலுவை. 1977 செப்டம்பர் 8 அன்று, எரிமலையின் மையத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தெற்கே நிலவெப்ப மின்சாரத்துக்காகத் துளைக்கப்பட்டிருந்த, 1,100 மீட்டருக்கும் ஆழமான ஒரு கிணற்றின் வழியாகச் சிவந்த லாவாத் துணுக்குகள் சிறிது நேரம் பீறிட்டு வந்தன. வெளியே வந்தது சில கன மீட்டர்தான். நிலநடுக்கங்கள் தெற்கு நோக்கி இடம்பெயர்ந்ததைக் கருவிகள் காட்டியிருந்தன. அந்த இடப்பெயர்ச்சி உண்மையிலேயே பாறைக்குழம்பின் பயணம்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

கடல் வழியே கேட்பது

ஐஸ்லாந்தில் எளிதாக இருப்பது நடுக்கடலில் கடினம். கரையிலுள்ள நிலநடுக்கமானிகள் தொலைதூர முகட்டில் எழும் 4 அளவுக்குக் கீழான அதிர்வுகளைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. திரளில் இருப்பவற்றுள் மிகப் பல அதைவிடச் சிறியவை. பல திரள்கள் யாருக்கும் தெரியாமலே வந்து போயிருக்கும்.

வழி காட்டியது கடல்நீரே. கடலில் ஆழம் கூடக்கூட முதலில் வெப்பம் குறைவதால் ஒலியின் வேகம் குறைகிறது. பிறகு நீரின் அழுத்தம் கூடுவதால் மறுபடி அதிகரிக்கிறது. இரண்டுக்கும் இடையில், நடு அகலாங்குகளில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், ஒலி மிக மெதுவாகச் செல்லும் ஓர் அடுக்கு அமைகிறது. அந்த அடுக்குக்குள் புகுந்த ஒலி மேலும் கீழும் வளைந்து வளைந்து அதற்குள்ளேயே சிக்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அதிகம் தேயாமல் செல்லும். கடலடி நிலநடுக்கத்தின் அதிர்வு நீருக்குள் ஏறி இந்த அடுக்கில் சேரும்போது டி அலை உண்டாகிறது. பாறை வழியே ஓடும் முதல் அலையும் இரண்டாம் அலையும் வந்து சேர்ந்த பிறகு, நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக வருவது இது. ஆனால் மிகச் சிறிய நிலநடுக்கத்தின் செய்தியையும் இது கொண்டுவந்துவிடும்.

சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒற்றுக்கேட்பதற்காக அமெரிக்கக் கடற்படை பனிப்போர்க் காலத்தில் கடலடியில் ஹைட்ரோபோன்கள் எனும் நீரடி ஒலிவாங்கிகளைப் பதித்திருந்தது. பனிப்போர் முடிந்தபின் அந்தக் கட்டமைப்பின் ஒரு பகுதி அறிவியலாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஓரிகனின் நியூபோர்ட்டில் இருந்த அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் குழு 1993 ஜூன் 22 முதல் ஹ்வான் டி ஃபூகா முகட்டை நேரலையாகக் கேட்கத் தொடங்கியது. நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 26 அன்று, முகட்டின் கோஆக்சியல் பகுதியில் ஒரு திரள் எழுந்தது. அது எழுந்த இடத்திலேயே நிற்கவில்லை. சுமார் 40 மணி நேரத்தில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நகர்ந்தது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டைக் முன்னேறுவதை மனிதர்கள் கரையில் உட்கார்ந்தபடி கேட்டது அதுவே முதல் முறை.

அடுத்த சில வாரங்களில் ஆய்வுக் கப்பல்கள் அங்கே விரைந்தன. திரள் சென்று நின்ற இடத்தில் தொலைவிலிருந்து இயக்கப்படும் கருவிக்கலன் இறங்கியபோது, இன்னும் ஆறாத புது லாவா கண்ணாடிபோல் மினுங்கிக் கிடந்தது; அதன் விரிசல்களில் வெதுவெதுப்பான நீர் கசிந்துகொண்டிருந்தது. நிலநடுக்கத் திரளைப் பின்தொடர்ந்து போனால் பிறந்து சில வாரங்களே ஆன தரையைக் காணலாம் என்பது அன்று உறுதியானது. டி அலைக்கு ஒரு குறையும் உண்டு. அதிர்வு நீரில் நுழைந்த இடத்தை அது காட்டுமே தவிர, பாறைக்குள் அது எவ்வளவு ஆழத்தில் எழுந்தது என்பதைச் சரியாகச் சொல்லாது. அதற்குக் கருவிகள் கடல் தரையிலேயே இருக்க வேண்டும்.

ஆக்சியல் எரிமலை

கடல் தரையில் கருவிகளை வைத்துக் காத்திருந்து பலன் கண்ட இடங்களுள் முதன்மையானது ஆக்சியல். ஓரிகன் கரைக்கு மேற்கே சுமார் 480 கிலோமீட்டர் தொலைவில், ஹ்வான் டி ஃபூகா முகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கடலடி எரிமலை இது. அதன் உச்சி கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 1,400 மீட்டரில் இருக்கிறது. உச்சியில் எட்டுக் கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும் பள்ளம். கீழிருந்து பாறைக்குழம்பை அளவுக்கு மீறி அனுப்பும் ஒரு வெப்ப மையம், விலகும் தட்டு எல்லை இரண்டும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று அமைந்துவிட்டன. அதனால் இந்த முகட்டிலேயே மிகவும் சுறுசுறுப்பான பகுதி இதுதான்.

1998 ஜனவரி 25 அன்று இங்கே எழுந்த திரளில், பதினோரு நாட்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளை ஹைட்ரோபோன்கள் பதிவுசெய்தன. எரிமலையின் உச்சியில் வைக்கப்பட்டிருந்த கருவிகளுள் ஒன்று லாவாவின் பாதையிலேயே இருந்தது. லாவா அதன் கால்களைச் சூழ்ந்து பரவியது. மேற்பரப்பு உறைந்து ஓடாகி, உள்ளே குழம்பு நிறைய நிறைய, ஓட்டின்மேல் சிக்கிய கருவியும் மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்தது. பிறகு குழம்பு வடிந்தபோது மெல்லக் கீழே இறங்கியது. ஏறியதும் இறங்கியதும் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தன. அத்தனை நேரமும் அதன் அழுத்தமானி நிற்காமல் பதிவுசெய்துகொண்டிருந்தது. பின்னர் லாவாவின் பிடியிலிருந்து கருவியைப் பெயர்த்து மேலே கொண்டுவந்தபோது உள்ளிருந்த பதிவு பழுதில்லாமல் இருந்தது. கடலடி லாவா எப்படி ஊதிப் பெருத்து அடங்குகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடி அளவீடு அது. கருவியை வைத்தவர்கள் இப்படி ஒரு பதிவுக்காக அதை வைக்கவில்லை.

அழுத்தமானி இங்கே முக்கியமான கருவி. எரிமலைக்குள் குழம்பு சேரும்போது உச்சி உயர்கிறது, அதன் மேலுள்ள நீரின் உயரம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. சென்டிமீட்டர் அளவு மாற்றத்தைக்கூட இதில் காணலாம். 1998 வெடிப்பின்போது உச்சி மூன்று மீட்டருக்கும் சற்று மேல் தாழ்ந்தது. அதன்பின் மெல்ல மெல்ல உயர்ந்து வந்ததைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் வில்லியம் சாட்விக், ஸ்காட் நூனர் இருவரும், தாழ்ந்த அளவு மீளும்போது அடுத்த வெடிப்பு வரும் என்று கருதி, 2014க்குள் அது நிகழும் என்று 2006இல் எழுதினர். 2011 ஏப்ரலில் எரிமலை வெடித்தது. அப்போது நேரலைக் கருவிகள் அங்கே இல்லை. ஜூலை மாதம் வழக்கமான பணிக்குச் சென்ற கலன், தெரிந்த இடத்தில் தெரியாத தரையைக் காட்டியபோதுதான் செய்தியே தெரிந்தது.

2014இல் அந்தக் குறையும் நீங்கியது. கரையிலிருந்து மின்சாரமும் தகவல் தொடர்பும் தரும் கேபிள் எரிமலையின் உச்சிவரை இழுக்கப்பட்டு, ஏழு நிலநடுக்கமானிகள் அதில் இணைக்கப்பட்டன. அந்த ஆண்டின் செப்டம்பரில் அதே ஆய்வாளர்கள் 2015இல் அடுத்த வெடிப்பு வரும் என்று அறிவித்திருந்தனர். 2015இன் முதல் மாதங்களில் அன்றாட அதிர்வுகளின் எண்ணிக்கை நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்கு ஏறியது. ஏப்ரல் 24 அன்று ஒரே நாளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. அதிர்வுகள் பள்ளத்தின் சுவர்களிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்தன. சில மணி நேரத்தில் உச்சி தாழத் தொடங்கி, அடுத்த சில வாரங்களில் சுமார் 2.4 மீட்டர் கீழிறங்கியது. பாறைக்குழம்பு எங்கே வெளியேறுகிறது என்பதையும் கருவிகள் கேட்டன. வெந்து எரியும் லாவா நீரைத் தொடும்போது எழும் குறுகிய வெடியோசைகள் ஆயிரக்கணக்கில் நீர் வழியே வந்தன. அவை வந்த திசையைக் கணக்கிட்டதில் வெடிப்பு நடந்த இடம் தெரிந்தது. பின்னர் கப்பல் அங்கே சென்று அளந்தபோது சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் புது லாவா குவிந்திருந்தது.

இந்தப் பதிவுகளில் எதிர்பாராத ஓர் ஒழுங்கும் தெரிந்தது. ஆக்சியலின் நிலநடுக்கங்கள் கடலின் ஏற்றவற்றத்தோடு ஒத்து நடக்கின்றன. நீர் வற்றிய வேளையில் அவை பல மடங்கு கூடுகின்றன, ஏற்றத்தின்போது குறைகின்றன. நீர்மட்டம் சில மீட்டர் குறைந்தாலே அடியிலுள்ள குழம்பு அறை சற்று விரிந்து, பள்ளத்தைச் சுற்றியுள்ள பிளவுகளை நழுவும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்து நீரில் இரண்டு மூன்று மீட்டர் என்பது மிகச் சிறிய மாற்றம். அதுவே போதுமானதாக இருக்கிறது என்றால், அந்தப் பிளவுகள் எந்த அளவுக்கு விளிம்பில் நிற்கின்றன என்பது விளங்கும்.

கணிப்பு எப்போதும் பலிப்பதில்லை. 2015க்குப் பின் உச்சி உயரும் வேகம் குறைந்து, 2024இல் மறுபடி கூடியது. 2025 முடிவதற்குள் அடுத்த வெடிப்பு வரலாம் என்று சொன்ன ஆய்வாளர்களே பிறகு அந்தக் காலத்தைத் தள்ளிவைத்தனர். கணிப்பைத் தேதியோடு முன்கூட்டியே வெளியிட்டு, அது தவறும்போது அதையும் பதிவுசெய்யும் இவர்களின் முறை இந்தத் துறைக்குப் பெரிய பலம்.

மற்ற முகடுகளில் கிடைத்திருப்பவை துண்டு துண்டான காட்சிகள். கிழக்குப் பசிபிக் முகட்டில் வைத்திருந்த பன்னிரண்டு நிலநடுக்கமானிகளை 2006இல் மேலே அழைத்தபோது நான்குதான் வந்தன. மற்றவை லாவாவில் சிக்கியிருந்தன. வந்த கருவிகளின் பதிவில், வெடிப்புக்கு முன்னால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதிர்வுகள் படிப்படியாகக் கூடிவந்தது தெரிந்தது. மிக மெதுவாக விலகும் காக்கல் முகட்டில், ஆர்க்டிக் பனிக்கு அடியில், 1999 ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒரே திரள் நீடித்தது. 2007இல் அங்கே சென்ற ஆய்வுக்குழு, நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் எரிமலைக் கண்ணாடித் துணுக்குகள் பரந்து கிடப்பதைப் படமெடுத்தது. அத்தனை அழுத்தத்தில் எரிமலை வெடித்துச் சிதறாது என்ற முந்தைய எண்ணத்தை அது அசைத்தது.

குறுக்குப் பிளவுகள்

முகடுகள் ஒரே கோடாக ஓடுவதில்லை. அங்கங்கே துண்டிக்கப்பட்டு, ஒரு துண்டையும் அடுத்ததையும் குறுக்குப் பிளவு ஒன்று இணைக்கிறது. அங்கே தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கின்றன. இந்தப் பிளவுகளிலும் திரள்கள் எழுகின்றன, பாறைக்குழம்பு இல்லாமலேயே. ஓரிகன் கரைக்கு அப்பாலுள்ள பிளாங்கோ பிளவில் 2021 டிசம்பரில் ஓரிரு நாட்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிர்வுகள் வந்தன. அவற்றுள் பல 5 அளவைத் தாண்டியவை.

கிழக்குப் பசிபிக்கில் உள்ள கோஃபார் பிளவு இன்னும் வியப்பானது. அதன் ஒரே பகுதியில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை 6 அளவு நிலநடுக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கணக்கை நம்பி ஆய்வாளர்கள் முன்கூட்டியே கருவிகளை இறக்கி வைத்தார்கள். 2008 செப்டம்பரில் எதிர்பார்த்த நிலநடுக்கம் வந்தது. அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் அருகிலிருந்த பகுதியில் ஆயிரக்கணக்கான முன்னதிர்வுகள் திரண்டிருந்தன. பெரிய நிலநடுக்கத்தைத் தாங்கும் துண்டும், திரள்களாகவே கழியும் துண்டும் ஒரே பிளவில் மாறி மாறி அமைந்திருக்கின்றன. இரண்டாம் வகைத் துண்டில் பாறை மிகுதியாக நொறுங்கி, கடல்நீர் ஊறியிருக்கிறது. பெரிய முறிவு ஒன்று அங்கே வந்து சேரும்போது அதைத் தொடர்ந்து ஓடவிடாமல் அந்தப் பகுதி நிறுத்திவிடுகிறது.

அந்தமான் கடல், 2005

கருவிகள் பதிவுசெய்தவற்றுள் ஆற்றலில் மிகப் பெரிய நிலநடுக்கத் திரள் எழுந்தது இந்தியாவின் எல்லையிலேயே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் வடமுனையிலிருந்து அந்தமான்வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு எல்லை முறிந்தது. 9.1 அளவுள்ள அந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி நாகப்பட்டினம், கடலூர், சென்னைக் கரைகளையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அழித்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, 2005 ஜனவரி 26இல், நிக்கோபார் தீவுகளுக்குக் கிழக்கே அந்தமான் கடலின் அடியில் ஒரு திரள் தொடங்கியது. 27 முதல் 30 வரையான நான்கு நாட்களில் 5 அளவும் அதற்கு மேலும் கொண்ட நிலநடுக்கங்கள் 150க்கும் அதிகமாக வந்தன. உலகம் முழுவதும் ஓராண்டில் வரும் அத்தகைய நிலநடுக்கங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது.

சுனாமிக்குப் பின் ஒவ்வோர் அதிர்வும் அடுத்த பேரழிவின் முன்னறிவிப்போ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அந்த வட்டாரத்தின் அமைப்பைப் பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது. இந்தியத் தட்டு அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கே சாய்வாகக் கீழிறங்குகிறது. இறங்கும் விசை ஒரு பக்கம், வடக்கே இழுக்கும் விசை மறுபக்கம் என்று இயக்கம் இரண்டாகப் பிரிகிறது. தீவுகளுக்குக் கிழக்கே, கடலடியில், நீளவாக்கில் உரசி நகரும் பிளவுகளும், தரை பிளந்து விரியும் முகடு ஒன்றும் அமைந்திருக்கின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் காமேஷ் ராஜு குழுவினர் கடல் தரையின் காந்தப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டபடி, இந்த முகடு சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக விரிகிறது. இன்றைய வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். டிசம்பர் 26 அன்று மேற்கிலிருந்த எல்லை முறிந்தபோது மேல் தட்டு பல மீட்டர் மேற்கே நகர்ந்தது. கிழக்கிலிருந்த பிளவுகளை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தம் தளர்ந்தது. திரளில் பக்கவாட்டு நழுவலும் தரை விரிந்து சரியும் வகையும் கலந்திருந்தது இதனோடு பொருந்துகிறது.

ஆற்றலின் கணக்கும் அச்சத்தைக் குறைக்கவே உதவும். அந்த 150 நிலநடுக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 7 அளவுள்ள ஒரே நிலநடுக்கத்தின் ஆற்றலை எட்டுவது கடினம். டிசம்பர் 26 அதிர்ச்சியின் முன்னால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பேரழிவான சுனாமி எழ, பரந்த கடல் தரை திடீரென மேலோ கீழோ நகர வேண்டும். அல்லது பெருஞ்சரிவு நிகழ வேண்டும். ஐந்து, ஆறு அளவுள்ள, பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவும் அதிர்வுகள் அத்தனை நீரை அசைப்பதில்லை. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இந்தியப் பெருங்கடலில் 6.5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களுக்கே சுனாமி மதிப்பீடு வெளியிடுவதற்கும் இதுவே அடிப்படை.

திரள்கள் ஆபத்தே இல்லாதவை என்று இதற்குப் பொருள் இல்லை. தட்டு எல்லை ஊருக்கு அடியில் ஓடும் இடத்தில் கணக்கு மாறிவிடும். ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் மீனவ ஊரின் அடியில் 2023 நவம்பர் 10 அன்று 15 கிலோமீட்டர் நீள டைக் ஒன்று திரளோடு நகர்ந்தபோது, ஊரிலிருந்த சுமார் 3,800 பேரையும் ஒரே இரவில் வெளியேற்றினார்கள். வெடிப்பு டிசம்பர் 18இல்தான் வந்தது, அடுத்த ஜனவரி வெடிப்பில் மூன்று வீடுகள் எரிந்தன, அந்த வெடிப்புகளில் உயிரிழப்பு ஏற்படவில்லை. திரள் எங்கே நகர்கிறது என்பதை நேரலையாகப் பார்க்க முடிந்ததால்தான் அந்த முடிவை உடனே எடுக்க முடிந்தது.

அந்தமான் கடலில் திரள்கள் 2005க்குப் பிறகும் வந்துகொண்டிருக்கின்றன. 2014 மார்ச் 21, 22 தேதிகளில் நிக்கோபாருக்கு அப்பால் எழுந்த திரளைத் தேசியக் கடலியல் நிறுவனம் கடல் தரையில் வைத்திருந்த நிலநடுக்கமானிகள் மிக அருகிலிருந்தே பதிவுசெய்தன. அதே நிறுவனம் அந்தப் பகுதியில் முன்பே கடலடி எரிமலைக் கூம்புகளை வரைபடமாக்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், அங்கே எழும் திரள்களுக்குப் பிளவுகளின் நழுவல் மட்டுமல்ல, அடியில் நகரும் பாறைக்குழம்பும் காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். ஆக்சியலில் கேபிள் வழியாக ஆண்டு முழுவதும் கிடைக்கும் தரவு, இங்கே கருவிகள் தரையில் கிடந்த அந்தச் சில மாதங்களுக்கு மட்டுமே கிடைத்தது. திரளும் அந்த மாதங்களுக்குள்ளேயே வந்தது.